சங்கு ஊதியும் இறங்காத இருவர்

டூர் நடத்துகிறவனுக்கு முதலீடு ஒன்றே ஒன்றுதான், வாய். அதனால் எங்கள் பேச்சை யாரும் நம்புவதில்லை. ஆனால் இப்போது சொல்லப்போவது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. உரக்கவே சொல்கிறேன்: சத்தியம், சத்தியம், சத்தியம்! கற்பூரத்தை அணைக்கச் சொன்னால் அணைக்கிறேன். வாயில் மிச்சமிருக்கிற பற்களின் மேல் ஆணையிடச் சொன்னாலும் சரி.

நெய்வேலி மைன்ஸிலிருந்து ரிட்டையர் ஆனதும், பகல் முழுக்க என்னை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் இல்லாததால் டூர் நடத்த ஆரம்பித்தேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு பஸ் ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா? ஒருத்தர் செருப்பைத் தொலைப்பார், இன்னொருத்தர் ஜன்னல் சீட்டுக்காகக் கோபித்துக்கொள்வார், மூன்றாமவர் டீக்கடையிலேயே தங்கிவிடுவார். அதெல்லாம் பட்டவர் என்றால் நீங்கள் நம்ம ஆள். மேற்கொண்டு படியுங்கள்.

பலாப்பழக் கப்பல்

கோயில் கோயிலாகக் கூட்டிப்போய் எனக்கும் அலுத்தது, சாமிக்கும் அலுத்திருக்கும். அப்போதுதான், ஒரு துறைமுகத்தில் பழைய சரக்குக் கப்பல் ஒன்றைப் பெயின்ட் அடித்து, ஜனங்கள் ஏறிப் பார்க்கும்படி நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள், அங்கே கேட்டில் நிற்பவருக்கு என் மேல் இன்னும் கோபம். “கப்பலா, அதுல என்னா இருக்கு?” என்றார்கள் டவுன்ஷிப்பில். நான் விடுவேனா? “நம்ம காடாம்புலியூர் பலாப்பழத்தை ரங்கூனுக்கு ஏத்தின கப்பலுங்க அது. ஒரு நாள் கலங்கரை விளக்கம் கெட்டுப்போச்சு. ரங்கூன்காரன் மூக்கை வெச்சே கப்பல் வர்ற திசையைக் கண்டுபிடிச்சுட்டான்!” என்றேன். பஸ் நிரம்பிவிட்டது.

கடைசியாகப் பெயர் கொடுக்க வந்தவர்கள் தெய்வநாயகமும் அவர் மனைவி கஸ்தூரியும். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலை வாங்கிய குடும்பம். சர்வீஸ் முழுக்க கன்வேயர் பெல்ட் இரைச்சலில் நின்றவர் தெய்வநாயகம். ரகசியம் பேசினாலும் அடுத்த பிளாக்கில் பதில் சொல்வார்கள். அவர் ரிட்டையர் ஆகிவிட்டதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டிய நேரம். ஊரில் இருந்த வீடு சுரங்கத்துக்குள் போய் ரொம்ப நாளாயிற்று. பிள்ளைகள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்பா சென்னையில் பையன் வீட்டுக்கு, அம்மா கோயம்புத்தூரில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண் வீட்டுக்கு. யாருக்கும் சிரமமில்லாத ஏற்பாடு என்று அவர்கள் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் சொன்னார்கள்.

சீட்டு எழுதும்போது கஸ்தூரி சொன்னது இது: “அண்ணே, எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து அவரு ஒரு ஊரு, நான் ஒரு ஊரு.”

தலைக்கு ஒரு குண்டான்

துறைமுகத்து மரத்தடியில் புளிசாதத்தைத் தீர்த்துவிட்டுக் கப்பல் ஏறினோம். மேல்தளம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு செல்பி. பிறகு கைடு ஓர் இரும்பு மூடியைத் திறந்து, “கீழ இறங்குங்க, சரக்கு வைக்கிற எடம் பாக்கலாம்” என்றார். என் ஆட்கள் ஒருவரும் நகரவில்லை. இருட்டுப் பள்ளம், இரும்பு ஏணி. மைன்ஸ்காரன் தலையில் ஹெல்மெட் இல்லாமல் அதில் காலை வைப்பானா? “ஹெல்மெட் குடுங்க” என்றார் தெய்வநாயகம். “இது காட்சிக்கு வெச்ச கப்பல் சார், மேலேர்ந்து ஒண்ணும் விழாது” என்றார் கைடு. “விழாதுன்னு சொல்ற எடத்துலதான் விழும்!” என்று இவர் போட்ட சத்தத்தில் கொடிமரத்தில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது.

நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பையைத் திறந்தார். கழுவி வைத்திருந்த எவர்சில்வர் குண்டானை எடுத்தார். தன் தலைக்குத்தான் என்று நினைத்தேன். கஸ்தூரியின் தலையில் கவிழ்த்து, தன் துண்டைக் குறுக்கே போட்டு முகவாயோடு சேர்த்துக் கட்டினார். தான் வெறுந்தலையோடு முதலில் இறங்கி, ஒவ்வொரு படியிலும் அவள் பாதத்தைப் பிடித்து வைத்து வைத்து இறக்கினார். நான் உட்பட எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டோம்.

கீழே போய்ச் சேர்ந்ததும், குண்டானுக்குள்ளிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது: “பார்த்தீங்களாண்ணே, கோயம்புத்தூருல என் தலைக்கு யாரு குண்டான் வெப்பாங்க?”

ஷிப்ட் முடிந்தது

மேலே வந்த பிறகு கைடு, “இப்ப கப்பல் சங்கை ஊதிக் காட்டறேன், எல்லாரும் ரெடியா இருங்க” என்றார். அந்தச் சொல்லே எங்கள் ஆட்களுக்குக் காதில் ஏறவில்லை, நிழல் தேடுவதில் மும்முரம். அவர் ஒரு கயிற்றை இழுத்தார். பூமி அதிர்கிற மாதிரி ஒரு சங்கு. அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவன் எழுந்தான், தூங்கியவன் விழித்தான், பையை எடுத்தான், வேட்டியைத் தட்டினான், வரிசை கட்டிக் கப்பலை விட்டு இறங்க ஆரம்பித்தான். சர்வீஸ் பூராவும் மைன்ஸ் சங்குக்கு எழுந்து சங்குக்கு வீடு திரும்பிய கால்கள். மூளையைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? பெண்களும் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள், அவர்களுக்கும் அடுப்பிலிருந்து உலை இறக்குகிற கணக்கு அந்தச் சங்குதானே. எல்லாருக்கும் முன்னால் பஸ் வாசலில் போய் நின்றது யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் கைடு: “சார், சங்கு ஊதினா கப்பல் கெளம்பிடும்னு பயந்து கத்தினவங்களைப் பார்த்திருக்கேன், டியூட்டி முடிஞ்சுதுன்னு எறங்கிப்போனவங்களை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!”

கேப்டன் அறை

பஸ்ஸில் இரண்டு சீட்டு காலி. தெய்வநாயகத்தையும் கஸ்தூரியையும் காணோம். கைடும் நானும் திரும்ப ஏறித் தேடினோம். கப்பலின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. கதவுக்குத் தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, சுவரோடு ஒட்டிய பலகைக் கட்டிலில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் அங்கே உட்கார இடமும் இல்லை. “சங்கு கேக்கலியா?” என்றேன். “கேட்டுது. ஏந்திரிச்சேன். இவதான் சட்டையைப் புடிச்சு உக்கார வெச்சுட்டா” என்றார் அவர். கஸ்தூரி அதைக் காதில் வாங்கவில்லை. “அண்ணே, இது யாரு ரூமு?” என்றாள்.

நம் வாய் சும்மா இருக்குமா? “கேப்டன் ரூம்மா. அவரு சம்சாரத்தையும் கூட்டிக்கினு சீமை சீமையா இதுக்குள்ளதான் குடித்தனம் பண்ணாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பிப் படுக்கணும், இல்லன்னா ஒருத்தரு கடல்ல” என்றேன். கைடு என் காதருகில் வந்து, “சார், இது விளக்கெண்ணெய் டின் அடுக்கற ரூமு, கட்டில் நாங்க போட்டது” என்றார். அவர் காலை ஒரு மிதி மிதித்தேன். கேட்டில் நிற்பவரும் அவரும் மச்சான் மாப்பிள்ளை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கஸ்தூரி எழுந்து இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தாள். “இங்க அடுப்பு, இங்க பாய், துணிக்கு ஒரு கொடி. போதுமே.” தெய்வநாயகம் குரலை இறக்க முயன்றார், முடியவில்லை. “பையன் ஏசி ரூமு ஒதுக்கியிருக்கான்டி. பசங்க போட்ட ஏற்பாட்டை எப்பிடி மாத்தறது? வருத்தப்படுவாங்க.” “ஏசி ரூமுல நீங்க ஒருத்தரா குந்திகினு என்னா பண்ணுவீங்க? மாத்திரை போட்டீங்களான்னு நான் போன்ல கேக்கணுமா? அப்ப நான் வருத்தப்பட்டா பரவால்லியா?” அவர் பலகைக் கட்டிலைத் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணில் ஏதோ தூசி என்றார். கடலில் ஏது தூசி?

அவள் என் பக்கம் திரும்பினாள்: “அண்ணே, நம்ம டவுன்ஷிப் பக்கத்துல, மந்தாரக்குப்பத்துல, இந்த அளவுல வாடகைக்கு ஒரு வூடு கெடைக்குமா?”

டீக்கடை போன்

திரும்பும் வழியில் டீக்கு நிறுத்தினோம். தெய்வநாயகம் செல்போனை எடுத்துக்கொண்டு ரகசியமாகப் பேசுவதற்காகப் புளியமரத்துக்குப் பின்னால் போனார். அவர் ரகசியம் என்றால் டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும் ரகசியம். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கஸ்தூரி கையிலிருந்த டீ ஆறிப்போனது. “தம்பி, அப்பா பேசறேன். நான் மெட்ராசுக்கு வரலடா. அம்மாவும் கோயம்புத்தூரு போவல. ரெண்டு பேருமா சேர்ந்து உங்கிட்ட கொஞ்ச நாளு, தங்கச்சிகிட்ட கொஞ்ச நாளு வந்து இருந்துட்டு, மந்தாரக்குப்பத்துல புடிக்கப்போற எங்க வூட்டுக்குத் திரும்பிடுவோம்.” அந்தப் பக்கம் பையன் நிறையப் பேசினான் போலிருக்கிறது. இவர், “ம்... ம்...” என்றார். ஒரு கட்டத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சரி, மனுஷன் மசிந்துவிட்டான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது அவர் சொன்னது அந்த ரோட்டில் போன லாரிக்காரருக்கும் கேட்டிருக்கும்: “எங்களுக்குள்ள சண்டையெல்லாம் இல்லடா. சண்டை போடறதுக்குத்தான் ஒரே வூட்டுல இருக்கணும்ங்கறோம்!”

மந்தாரக்குப்பத்தில், மாவு மில்லுக்கு எதிர்ச் சந்தில், நான் பார்த்துக் கொடுத்த ஒரே அறை வீட்டில் அவர்கள் குடியேறிவிட்டார்கள். கப்பல் அறையை விடச் சற்றே பெரியது, சத்தம் மட்டும் கப்பல் சங்குக்குக் குறைவில்லை. டூருக்குக் கூட்டிக்கொண்டு போனவன் எல்லாரையும் பத்திரமாக அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்பது எங்கள் தொழில் சட்டம், நானோ இரண்டு பேரை வேறொரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன், அது யார் வேலை, யார் சொல்லி நடந்தது என்று அந்தப் பிள்ளைகள் கேட்டால் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.