முழங்காலுக்கு வைத்த தேங்காய்

எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் துருவிய தேங்காய் பாக்கெட்டுகள் எப்போதும் நாலைந்து கிடக்கும். 1998-ல் சான் ஹோஸேக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அந்த வருஷம் அக்டோபரிலிருந்து அந்தப் பாக்கெட்டுகள் ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணின் இடது முழங்காலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் என் மிக்ஸிக்குள் போயின. என் கணவருக்கு இது பல நாள் தெரியாது. தெரிந்த பிறகும் சட்னியை விடவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் எங்களுக்கு நேர் மேலே மாடியில் இருந்தாள். அமெரிக்காவில் பெண்களுக்கென்று அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு கூடைப்பந்து லீகில் சம்பளத்துக்கு ஆடினாள். வீட்டை டீமே பிடித்துக் கொடுத்திருந்தது. கூட இருந்தவள் அதே டீமில் ஆடிய ஓர் அமெரிக்கப் பெண். ஆஸ்திரேலியாக்காரி இதற்கு முன் இத்தாலியில் ஆடியிருக்கிறாள், ஹங்கேரியில் ஒரு குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடாத ஹாலில் ஆடியிருக்கிறாள். எந்த நாடு கூப்பிட்டாலும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள் போலிருக்கிறது.

எனக்கும் இந்த ஆட்டம் புதிதல்ல. சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தின் டீமுக்கு ஆடியவள் நான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த வேலை. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் பிராக்டீஸுக்குப் போய்விடலாம். என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். ஜெயித்த கோப்பைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்பதே வீட்டில் பேச்சு. கடைசியில் என்னைவிட ஓர் அங்குலம் கூடுதலாக ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து சேர்ந்தேன். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. மதியம் சாப்பிட்டதும் சல்வார் கமீஸும் கேன்வாஸ் ஷூவுமாக அபார்ட்மென்ட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் வலை கிழிந்த ஒரு கூடை இருந்தது. அவள் அங்கே தனியாகப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒருநாள் பந்து உருண்டு என் காலுக்கு வந்தது. துப்பட்டாவைத் தோளில் சுற்றிக்கொண்டு எறிந்தேன். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பேசியது ஆங்கிலம். எனக்கு அது நினைவிருப்பதெல்லாம் என் தமிழில்தான்.

"எங்க ஆடினே நீ?"

சொன்னேன். அன்றிலிருந்து அவள் போடுவாள், நான் பந்தை எடுத்துக் கொடுப்பேன். ஸ்போர்ட்ஸ் கோட்டா என்பது அவளுக்குப் புரியவே பல நாள் ஆனது.

"எத்தனை வயசு வரைக்கும் ஆடணும்?"

"ஆடறது முப்பது வரைக்கும். வேலை அம்பத்தெட்டு வரைக்கும்."

"முட்டி போயிட்டா?"

"ஃபைல் பாக்கலாம். ஃபைலுக்கு எதுக்கு முட்டி?"

தார்த் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வேலையையா விட்டுட்டு வந்தே?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பந்தைக் கொஞ்சம் வேகமாகவே அவளிடம் எறிந்தேன்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. 2000-ல் ஒலிம்பிக்ஸ் அவள் ஊரிலேயே, சிட்னியில் நடக்கப் போகிறது. போன தடவை கடைசி நிமிஷத்தில் அவளை நாட்டு டீமிலிருந்து கழித்துவிட்டார்கள். வெளிநாட்டில் யார் தினமும் களத்தில் நிற்கிறார்கள், யார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அங்கே பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். "இதுக்கப்புறம் எனக்கு வயசு கிடையாது," என்றாள். மற்ற எதைப் பற்றியும் விளையாட்டாகப் பேசுகிறவள் இதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

அக்டோபரில் ஒரு மாலை அவள் படியிறங்குவதைப் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் ஒரே காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி இறங்கினாள். ஆடியவர்களுக்கு அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளே இழுத்து வந்து சோபாவில் உட்கார வைத்தேன். முழங்காலின் உள்பக்கம் வீங்கியிருந்தது. ஐஸ் தட்டு காலி. கைக்குக் கிடைத்த தேங்காய் பாக்கெட்டைக் கரித்துணியில் சுற்றி வைத்தேன்.

"மாடியில ஐஸ் இல்லையா?"

"இருக்கு. அவளும் இருக்கா."

கூட இருந்த அமெரிக்கப் பெண் அவளுடைய இடத்துக்கு மாற்று. இவள் உட்கார்ந்தால் அவள் எழுந்து ஆடுவாள். ஐஸைப் பார்த்தால் மறுநாள் கோச் காதுக்குப் போய்விடும். "அவ கெட்டவ இல்ல. அவளுக்கும் ஆடணும்," என்றாள்.

அப்படித்தான் தினமும் என் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். முழங்காலில் இளகிய தேங்காயை மறுபடி உறைய வைக்க எனக்கு மனம் வராது. அதனால் தினமும் சட்னி. ஒருநாள் என் கணவர் சீக்கிரம் வந்துவிட்டார். காபி டேபிளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீண்டிருந்த வெள்ளைக் காலைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.

"என்ன இது?"

"தேங்காய்."

"அது தெரியுது. நேத்து சட்னியும் இதுதானா?"

"நல்லா இருக்குன்னு ரெண்டு தடவை போட்டுக்கிட்டீங்களே."

அவளை நான் திட்டாத நாள் இல்லை. டாக்டரிடம் சொல், இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அறுத்துச் சரி பண்ணிக்கொள் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். ஜனவரி வரைக்கும் இழுத்துவிட்டால் போதும், அதற்குள் என்னைக் கழிக்க முடியாதபடி ஆடிக் காட்டிவிடுவேன் என்றாள். பிடிவாதக்காரி. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு போய் ஆடுவாள், வந்து தேங்காய் வைத்துக்கொள்வாள்.

டிசம்பர் தொடக்கத்தில் அவள் கொடுத்த இலவச டிக்கெட்டில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்திலேயே முழங்கால் பூட்டிக்கொண்டது. பந்துக்காகக் குதித்து இறங்கியவள் காலை நீட்ட முடியாமல் அப்படியே கிடந்தாள். நான் எழுந்து நின்று தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கணவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்து மடங்கிச் சிக்கியிருக்கிறது என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான், உடனே செய்தால் வசந்தத்தில் ஓடலாம், தள்ளிப் போட்டால் எலும்பு தேயும். பண்டிகை நேரம் என்பதால் புது வருஷம் பிறந்து முதல் வாரத்தில்தான் இடம் கிடைத்தது. டீமில் யாரும் அவளைக் கழிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வா, பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். இவ்வளவு நாள் எதற்காக ஒளித்தோம் என்று இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போயிற்று. அன்றைக்குத் தோசை வார்த்தேன். மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொண்டு ஏழெட்டு சாப்பிட்டாள்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, மதியம். அவள் என் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கதவு தட்டிய சத்தம். திறந்தால் மாடியில் இருக்கும் அந்த அமெரிக்கப் பெண், செருப்புக்கூட இல்லாமல் காலுறையோடு நின்றாள். என் வீட்டு வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"மூடிட்டாங்க," என்றாள்.

"எதை?"

"லீகை. முழுசா. இப்பதான் போன் வந்துது."

பாதி சீசனில், நாளைக்கு ஆட்டம் வைத்துக்கொண்டு மூடிவிட்டார்கள். ஒருத்தி உட்கார்ந்தால்தான் இன்னொருத்தி ஆட முடியும் என்று இருந்த இருவரும் என் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய் பாக்கெட் நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மாதக் கடைசியோடு சம்பளம் நின்றது, வீடு போயிற்று, டீம் வாங்கிக் கொடுத்த விசாவும் போயிற்று. இன்ஷூரன்ஸும் அதே நாளோடு முடிகிறது. ஆபரேஷன் அதற்கு அடுத்த வாரம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அங்கே பேசிய பெண் மிகவும் மரியாதையாக, யார் பணம் கட்டுவார்கள் என்று மட்டும் கேட்டாளாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என் இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துக்கிட்டுப் போ. என் பேர்ல பண்ணிக்கோ. உயரம் ஒண்ணுதானே," என்றேன். நிஜமாகவே சொன்னேன். அவள் கால்சட்டையைச் சுருட்டி தன் காலை என் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாலும் டிகாஷனும் மாதிரி இருந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

"அது fraud. மாட்டினா மூணு பேருக்கும் ஊருக்கு பிளேன்தான்," என்றார் என் கணவர். அவர் சொன்னது சரி. சரியாகச் சொன்னதற்காகவே அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

ஏர்போர்ட்டுக்கு அவர்தான் டிரைவ் பண்ணினார். சக்கர நாற்காலி வேண்டாம் என்று நொண்டிக்கொண்டே நடந்தாள். கட்டிப்பிடித்தபோது காதில், "உங்க ஆபீஸ்ல ஒரு ஆஸ்திரேலியாக்காரி வேணுமான்னு கேட்டுச் சொல்லு," என்றாள். அந்த ஆபீஸில் எனக்கே இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் கணவர், "நம்ம கதையும் இதேதான். கம்பெனி மூடினா விசா, வீடு, இன்ஷூரன்ஸ், எல்லாம் ஒரே நாள்ல காலி," என்றார்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா ஓட்டுங்க," என்றேன். பயமாக இருந்தது.

அவள் ஊரில் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்து ஆபரேஷன் நடப்பதற்குள் எலும்பு தேய்ந்துவிட்டது. போனில் அதை அவள் ஏதோ வானிலை சொல்வது போலச் சொன்னாள். அதன் பிறகு நானும் முழங்காலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

2000-ல் கணவருக்கு வேலை மாறி டெக்சஸில் கேட்டி என்ற ஊருக்கு வந்திருந்தோம். ஒலிம்பிக்ஸில் அவள் நாடு ஆடிய ஆட்டங்களை டிவியில் காட்டியபோதெல்லாம் பார்த்தேன். கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பும்போது ஒவ்வொரு முகமாகத் தேடினேன். இல்லையென்று தெரிந்தே தேடினேன். அவர்கள் இறுதி ஆட்டம் வரை வந்து அமெரிக்காவிடம் தோற்றார்கள். இரண்டு நாள் பொறுத்துப் போன் செய்தேன்.

"மேட்ச் எல்லாம் எங்க பாத்தே?"

"அங்கதான் இருந்தேன். வாலண்டியர். சட்டை, தொப்பி எல்லாம் கொடுத்தாங்க. வாசல்ல நின்னு டிக்கெட் பாத்து உள்ள அனுப்பற வேலை."

"ஃபைனலும் பாத்தியா?"

"இல்ல. நின்னு நின்னு முட்டி வீங்கிடுச்சு. உள்ள ஒரு ரூம்ல ஐஸ் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சத்தம் மட்டும் கேட்டுது." பிறகு சொன்னாள்: "என்கூட வேலை பாத்த ஒரு வயசான அம்மா கேட்டாங்க, இவ்ளோ உயரமா இருக்கியே, நீயும் பாஸ்கெட்பால் ஆடியிருக்கலாமேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கு விளையாட்டெல்லாம் வராதுன்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். கேட்டியில் கோவிலில், பிறந்தநாள் வீடுகளில், என் உயரத்தைப் பார்த்துவிட்டு எத்தனையோ ஆன்ட்டிகள் அதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.