அத்தைக்கு வாங்கிய காற்று மெத்தை

அந்த மெத்தையை விரித்தபோது எழுந்த வாடையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. கிள்ளானில் அத்தை வீட்டுக் கூடம். ஜன்னல்கள் திறந்திருந்தன, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பளபளவென்றிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, சுருட்டியிருந்த காற்று மெத்தையைக் கட்டிலின் மேல் உருட்டிவிட்டேன். முதலில் கிருமிநாசினியின் நெடி வந்தது. அது அடங்கியதும் அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. மூத்திரமும் சீழும் ஊறிக் காய்ந்த வாடை. மூக்கு சொன்னதை மனம் நம்ப மறுத்தது. தலையணை முட்டுக்கொடுத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த அத்தை எனக்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கணவர் இளவயதிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் கன்டீனைத் தனியாளாகப் பல வருடம் நடத்தியவர். பாசாரில் செவுளைத் தூக்கி மோந்து பார்க்காமல் ஒரு மீன் வாங்கமாட்டார். சாம்பாரில் லேசாகப் புளித்த வாடை தட்டினாலும் போதும், பானையோடு கவிழ்த்துவிடுவார். இவ்வளவையும் கொட்டணுமா என்று உதவிக்கு வரும் பெண்கள் கேட்டால், "நான் திங்காததைப் பிள்ளைங்களுக்குப் போடுவேனா?" என்பார். பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் பேச்சில் பாதியையும் கொண்டுபோனது. மூக்கை ஒன்றும் செய்யவில்லை.

படுத்தே கிடந்ததில் அவருக்கு வால் எலும்பின் மேல் புண் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, மோட்டாரால் காற்று ஏறி இறங்கி உடம்பின் அழுத்தத்தைக் குறைக்கும் காற்று மெத்தை உடனே வேண்டும், தாமதித்தால் புண் எலும்பைத் தொட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அப்படியொரு பொருளை நான் பார்த்ததுகூட இல்லை. மறுநாள் பங்சாரில் இருக்கும் என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கைப்பேசியில் தேடினேன். மருத்துவச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் சக்கர நாற்காலியில் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவற்றில் பெரிய பெயர்ப்பலகையும் இணைய மதிப்பீட்டில் நிறைய நட்சத்திரங்களும் வைத்திருந்த ஒரு கடைக்கு வேலை முடிந்ததும் போனேன். கடைக்காரன் நம் தமிழ் ஆள்தான். குரலில் தேன் ஒழுகியது. உங்கள் அத்தை என் அம்மா மாதிரி என்றான், புத்தம் புதுச் சரக்கு என்றான். புண் எங்கே, எவ்வளவு ஆழம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்மவன் என்ற தெம்பில் நானும் பிரித்துப் பார்க்காமல் காரில் ஏற்றிவிட்டேன்.

கூடத்தில் விரித்த அந்த மெத்தையின் காற்றுக் குழல்களை விலக்கிப் பார்த்தேன். மடிப்புகளுக்குள் பழுப்புக் கறை. துடைத்தவனின் துணி எட்டாத இடத்தில் ஒரு நீள நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை குழறிக் குழறிச் சொன்னார்: "யாரோ... செத்த மெத்தை." நான் அதைச் சுருட்டத் தொடங்கியபோது இடது கையை நீட்டி என்னை நிறுத்தினார். "கொண்டு போ. அவன் கடையிலயே விரி."

சனிக்கிழமை காலை கொண்டுபோனேன். கடையில் கூட்டம் இருந்தது. முதலில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். யாரோ திருப்பிக் கொடுத்த சரக்கு, நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தோம் என்றான். உன் அம்மாவை இதில் படுக்க வைப்பாயா என்று கேட்டேன். அவன் என் பக்கம் சாய்ந்து, ஏதோ ஆறுதல் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்: "படுத்த படுக்கையா கெடக்கிறவங்களுக்கு வாடையெல்லாம் தெரியாது லா, அக்கா."

எத்தனையோ அசிங்கமான வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். அதைவிட அழுக்கான ஒன்றை இதுவரை கேட்டதில்லை. அத்தை சொன்னபடியே கடை நடுவில் மெத்தையை விரித்தேன். சக்கர நாற்காலி பார்த்துக்கொண்டிருந்த ஒரு மலாய்த் தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் பின்னால் இன்னும் சிலர். அதன்பிறகுதான் அவன் பணத்தைத் திருப்பினான். முகத்தில் வெட்கம் இல்லை, வியாபாரம் கெட்ட எரிச்சல் மட்டும் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து எத்தனை முறை சோப்புப் போட்டும் கை சுத்தமானதாகத் தோன்றவில்லை.

புண் காத்திருக்காதே. மாலையிலேயே மறுபடி அலைந்தேன். கடைசியில் அத்தை வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பாசாருக்குப் பின்னால் இருந்த சின்ன மருந்துக்கடையில் போய் நின்றேன். இருமல் மருந்துக்கும் பிளாஸ்டருக்கும் மட்டுமே நாங்கள் ஏறி இறங்கிய கடை. மருந்தாளரான சீன அம்மா, கேட்டால் வரவழைத்துக் கொடுப்பேன், இப்போது உள்ளே ஒன்று இருக்கிறது என்றார். நான் பெட்டியைத் தொடாமல் நின்றதைக் கவனித்தார். என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கத்தியை எடுத்து என்னிடம் நீட்டி மலாயில் சொன்னார்: "புக்கா டுலு, சியும் டுலு." முதலில் பிரி, முதலில் மோந்து பார். கடைக்குள்ளேயே பிரித்து மோந்தேன். ரப்பர் வாடை மட்டும்தான். பிறகு அத்தையின் எடை, புண்ணின் அளவு, அவரைப் புரட்டிப் படுக்க வைக்க யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். மெத்தை இருக்கிறதே என்று புரட்டாமல் விட்டுவிடாதே என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டில் அத்தையும் மோந்து பார்த்தார். தலையாட்டினார். சில மாதங்களில் புண் மூடியது. அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். கடைசியில் சளிக்காய்ச்சல்தான் கொண்டுபோனது, புண் அல்ல.

பத்திரிகையில் மரண அறிவிப்பு போட்டோம், தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்து. கருமாதிகூட முடியவில்லை, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள். கட்டில், காற்று மெத்தை இருந்தால் எந்த நிலையில் இருந்தாலும் நேரில் வந்து எடுத்துக்கொள்கிறோம். கீழே கைகூப்பிய படம். அந்த நரைமுடி எந்த வழியாக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. தினமும் காலையில் யாரோ ஒருவன் செத்தவர்களின் பெயர்களை மெத்தைக்காகப் படித்துக்கொண்டிருக்கிறான்.

காற்றடிக்கும் மோட்டாரைப் பழையது என்று சொல்லியே பக்கத்துத் தெருவில் தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்தேன். மெத்தையைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், மீன் வெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொரு குழலாகக் கிழித்தேன். யாரும் ஒட்டவோ துடைக்கவோ முடியாதபடி துண்டு துண்டாக்கிக் கறுப்புப் பைகளில் கட்டினேன். மறுநாள் காலை குப்பை லோரி வந்து அவற்றை அரைத்து விழுங்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை.