பட்டன் வைத்த இயர்போன்

என் மாமியாரைப் பொறுத்தவரை காது என்பது தோடு போடுவதற்கு. அதற்குள் எதை நுழைப்பது என்று நான் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது அவருக்குப் புரியவே இல்லை. எனக்கோ அது வாழ்வா சாவா என்கிற விஷயம். கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். அந்த வாரம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

இரண்டாயிரங்களின் கடைசிப் பக்கம். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வேலை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுக்க வேண்டும். காதில் சரியாக விழாத இடத்தில் ஊகம் செய்யக்கூடாது, ஒரு கோடு போட்டு விட்டுவிட வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பெயர் பிளாங்க். பிளாங்க் கூடினால் வேலை செய்யத் தெரியாதவள் என்று அர்த்தம்.

ஊரிலேயே இருந்த சின்ன அலுவலகத்தை திடீரென்று மூடினார்கள். இனி சென்னைக்கு வர வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் வீட்டிலிருந்து ஒரு ஃபைல் அடித்துத் தேற வேண்டும் என்றார்கள். எனக்குப் பஸ் ஏறினால் வாலாஜாபாத் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். ஆகவே சென்னை கிடையாது. அந்த ஃபைலில் தேறவில்லையென்றால் எனக்கு வேலையே கிடையாது. நான் படித்து, நானே தேடிக்கொண்ட வேலை. அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார எனக்கு மனமில்லை.

வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு? கூடத்தில் தறி. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தறி, அந்தப் பக்கம் ஒரு தறி, எதிர் வீட்டில் இரண்டு. காலையில் ஆரம்பித்தால் பலகை அடிக்கும் சத்தம் பொழுது சாயும் வரை ஓயாது. அலுவலகத்தில் கொடுத்திருந்த பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகிப் பார்க்க ஒரு ஃபைல் அடித்தேன். டாக்டர் ஒரு வார்த்தை, தறி ஒரு அடி. அனுப்பியதைப் பார்த்துவிட்டு மேற்பார்வை பார்க்கும் அம்மாள் போனில், "என்னம்மா, ரிப்போர்ட் கேட்டா கோலம் போட்டு அனுப்பியிருக்கே?" என்றார். அவ்வளவு கோடு.

"நம்ம தறிய வேணா அன்னைக்கு நிறுத்திட்டா?" என்றார் என் கணவர். மழையில் ஒழுகும் கூரையில் ஒரே ஒரு ஓட்டையை அடைக்கிற யோசனை அது. தவிர, கல்யாணப் புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றிருந்தது. வியாழக்கிழமை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுப்பதாக முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஹெட்போனில் இன்னொரு வதை இருந்தது. இறுக்கி உட்கார்ந்து தோட்டை அழுத்தும். பின்னால் திருகு கழுத்தோரம் குத்தும். அரை மணியில் காது மடல் சிவந்து எரியும். ஒருநாள் பொறுக்காமல் தோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன். அத்தை பார்த்துவிட்டார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏம்மா, மூளிக் காதோட உக்காந்துக்கினு இருக்கிறியே, என் புள்ள இருக்கிறானா இல்லியா?"

"வலிக்குது அத்தே."

"வலிச்சா வெளக்கமாத்துக் குச்சியாவது ஒடச்சி சொருவிக்கினு உக்காரு. காது மட்டும் மொட்டையா இருக்கக் கூடாது."

அவரிடம் வாதம் செய்து ஜெயித்தவர் இந்தத் தெருவில் யாரும் இல்லை. தோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். தோட்டையும் தொடக்கூடாது, தறிச் சத்தமும் உள்ளே வரக்கூடாது, டாக்டர் முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும். கூட வேலை செய்த பெண் ஒருத்திதான் வழி சொன்னாள். காதுக்குள்ளேயே ரப்பர் முனையை நுழைத்து அடைத்துக்கொள்ளும் இயர்போன், அதிலும் மலிவானது வேண்டாம், உசத்தியான வெளிநாட்டுச் சரக்கு வாங்கு என்றாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த செல்போன் கடையில் சொல்லிவைத்தேன். சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

வருமா வராதா என்று நான் தவித்துக்கொண்டிருக்க, ஃபைல் வரவேண்டிய நாளுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் வந்தது. அத்தையும் கூடவே கிளம்பினார். "அந்த வெலைக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம். ஏமாத்திடுவானுங்க, நானும் வரேன்" என்றார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே விலை. ஒன்று சாதாக் கறுப்பு ஒயர். இன்னொன்றில் ஒயரின் நடுவே சின்னப் பெட்டி மாதிரி ஒன்று, அதில் ஒரு பட்டன், பேசுவதற்கு மைக். "காதுல போட்டுப் பாக்கக் கூடாதும்மா. அழுக்காயிடும், அப்புறம் விக்காது" என்றார்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "பொடவைய விரிச்சிப் பாக்காம எவனாவது வாங்குவானாப்பா? நாங்க பிள்ளையார்பாளையத்துக்காரங்க. மடிப்பு கலையாம யாவாரம் பண்றியா நீ?"

அவர் இரண்டு பெட்டிகளையும் பிரித்தார். ரப்பர் முனைகள் மூன்று அளவில் இருந்தன. வலது காதுக்கு நடுத்தர அளவு சரியாக உட்கார்ந்தது. இடது காதில் அது வலித்தது, சின்னதைப் போட்டதும் இருப்பதே தெரியவில்லை. தோட்டுக்கும் அதற்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை. அத்தை எனக்குப் பின்னால் நின்று கைதட்டினாராம். நான் திரும்பவே இல்லையாம். கடைக்காரர் பட்டன் வைத்ததைத் தன் போனில் செருகிப் பாட்டு வைத்தார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று.

எதை எடுப்பது? அத்தை இரண்டு ஒயரையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விட்டு, இழை பார்ப்பது போல உருவிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வெலதானே? அப்ப வேலப்பாடு அதிகமா இருக்கறத எடு."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் காஞ்சிபுரத்தில் பிறந்தவள்தான். ஒரே விலையில் இரண்டு புடவை இருந்தால் சரிகை அதிகமானதை விட்டுவிட்டுச் சாதாவை எடுக்க எங்கள் ஊரில் யாருக்குக் கை வரும்? இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டேன். "இது கம்ப்யூட்டர்ல வேலை செய்யுமா?"

"ஓட்ட ஒண்ணுதானே மேடம்? பாட்டும் கேக்கலாம், போனும் பேசலாம்" என்றார் கடைக்காரர்.

பட்டன் வைத்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. அந்த நாளில் அது தினப்படி. வருவதற்கு நேரமாகும் என்றார்கள். போட்டுப் பார்க்க முடியவில்லையே என்று ஒரு கணம் உறுத்தியது. கடையில்தான் கேட்டோமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஃபைல் வந்தது. இரண்டு மணிக்குள் திரும்ப அனுப்ப வேண்டும். இயர்போனைச் செருகி, முனைகளைக் காதில் வைத்து அழுத்தினேன். தறிச் சத்தம் அப்படியே அற்றுப்போனது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, பதிவை ஓட்டுவதற்கான கால் பெடலை மிதித்தேன்.

டாக்டரைக் காணோம்.

எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல ஏதோ கேட்டது. அவ்வளவுதான். சத்தத்தைக் கூட்டினேன். முனகல்தான் பெரிதாயிற்று. பிளக்கைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டேன். வயலின் கேட்டது, தபலா கேட்டது, பாடுபவர் மட்டும் இல்லை. காரணம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மைக் வைத்த இயர்போனின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், என் கம்ப்யூட்டர் இரண்டு வளையத்துக்கானது. ஒன்றோடொன்று பொருந்தாமல், இரண்டு காதுக்கும் பொதுவாக வருகிற குரல் மட்டும் அடிபட்டுப் போய்விடும். டாக்டர் பேச்சு முழுக்க முழுக்கப் பொதுக் குரல்தான். அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

"பொய் சொல்லி வித்துட்டான்!" என்று கத்தினேன். என் கணவர் தறியை விட்டு ஓடிவந்தார். அவர் பேசுவதைக் கேட்க ஒரு முனையை மட்டும் காதிலிருந்து எடுத்தேன்.

"காதுல அழுத்திப் போட்டியா?"

"எனக்குப் போடத் தெரியாதா?"

"கடைக்கு எடுத்துக்கினு போயி மாத்திக்கினு வரட்டுமா?"

"காதுல போட்டத எப்டி மாத்துவான்? நேரம் இன்னா ஆவுதுன்னு பாத்தீங்களா?"

அத்தை தறிப்பக்கமிருந்து ஏதோ சொன்னார். "நீங்க எடுத்துக் குடுத்ததுதானே!" என்று அவர்மேலும் பாய்ந்தேன். அழுகையும் ஆத்திரமுமாக அந்த ஒயரைக் கையில் சுருட்டிப் பிசைந்தேன்.

கால் பெடல்மேலேயே இருந்திருக்கிறது; இன்னொரு காதில் டாக்டர் கணீரென்று பேசினார். நோயாளியின் வயது, வந்த காரணம், எல்லாம். கையைத் தளர்த்தினேன். மறைந்துவிட்டார். மறுபடி பிசைந்தேன். வந்தார். அந்தப் பட்டன்தான். அதை அமுக்கிப் பிடித்திருந்தால் குரல் வந்தது, விட்டால் போயிற்று.

அமுக்கலாம். ஆனால் எனக்கு இரண்டு கையும் தட்டச்சுக்கு வேண்டும். என் கணவர் முறுக்குப் பட்டு இழை கொண்டுவந்து பட்டன்மேல் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். நாலு வரி அடிப்பதற்குள் இழை வழுக்கிக்கொண்டு விலகிவிட்டது. புளியங்கொட்டையை மேலே வைத்துச் சுற்றினார். அதுவும் நழுவியது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை எழுந்து வந்தார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒயரைக் கையில் வாங்கிப் பட்டனை விரல்களுக்கு நடுவே வைத்து அமுக்கினார்.

"நீ அடி. நான் புடிச்சிக்கிறேன்."

எடுத்திருந்த முனையைத் திரும்பக் காதில் வைத்தேன். என் கணவர் வேறு நல்ல கட்டுப் போடும் வரைதான் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பே போய்விட்டது. டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசினார். நடுவில் இருமினார். மருந்துப் பெயர்களை அடித்தொண்டையில் விழுங்கினார். நான் பெடலை மிதிப்பதும் பின்னுக்குப் போவதும் அடிப்பதுமாக இருந்தேன். ஒயர் நீளமில்லாததால் அத்தையின் தலை என் தோளை ஒட்டி இருந்தது. அவர் விரல் மாற்றும்போது குரல் ஒரு நொடி அறுந்து மீளும். நான் முறைப்பேன். ஒருமுறை அவர் உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பேசாதீங்க அத்தே!" என்று கத்தினேன். எவ்வளவு உரக்கக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கடைசிப் பக்கத்தில் அவர் சட்டென்று தும்மினார். குரல் போய் வந்தது. பின்னுக்குப் போய்க் கேட்க நேரமில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போனேன்.

இரண்டு மணி அடிக்கச் சற்று முன்னால் ஃபைல் போய்விட்டது.

முனைகளைக் காதிலிருந்து உருவினேன். பக்கத்து வீட்டுத் தறி கேட்டது. எதிர் வீட்டுத் தறி கேட்டது. எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் தறியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? வியாழக்கெழம குடுக்கணுமே."

"அம்மா இல்லாம எப்டிமா ஓட்டறது? கோர்வப் பொடவ ஆச்சே" என்றார்.

கோர்வைப் புடவையில் ஒரு பக்கக் கரைக்குத் தனி நாடா, அதாவது ஊடை இழையை ஓட்டும் கட்டை. நெய்கிறவர் ஒருவர் இருந்தால் போதாது, அந்த நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் அத்தை. அவர் என் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த வரை தறி ஓடவே இல்லை. காதை அடைத்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் அது தெரியவில்லை.

"நடுவுல இன்னாவோ சொன்னீங்களே அத்தே, இன்னா அது?"

"ஒண்ணுமில்ல. அவசரமா கொல்லைக்குப் போவணும்னேன். நீ திட்டின. அடக்கிக்கினு உக்காந்துட்டேன்" என்று எழுந்து வேகமாகப் பின்பக்கம் போனார்.

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியை வேகமாக வைத்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. மேற்பார்வை அம்மாள்தான். தேறிவிட்டேன், திங்கட்கிழமை முதல் வேலை வரும் என்றார். "மொத்தமும் ஒரே ஒரு பிளாங்க். அங்க மட்டும் என்ன ஆச்சு? டாக்டர் தெளிவாத்தானே பேசறார்?" என்று கேட்டார். என்ன சொல்வது? கரண்ட் போய் வந்தது என்றேன்.

போனை வைத்ததும் அத்தை கேட்டார். "ஒண்ணு போச்சா? நான் தும்முன எடமா அது?"

"அதுனால ஒண்ணும் இல்ல அத்தே. தேறிட்டேன்."

"அடக்கித்தான் பாத்தேன். முடியல" என்று தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

தட்டில் சோறும் குழம்பும் அப்படியே இருந்தன. பிசையப் போன அவர் கை நின்றுவிட்டது. கட்டைவிரல் மடங்கவில்லை. நுனியில் வட்டமாக ஒரு பள்ளம், சுற்றிலும் வெளுத்துக் கிடந்தது. நான் தட்டை என் பக்கம் இழுத்து, சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து வாய்க்கு நேரே நீட்டினேன்.

"நான் இன்னா கொழந்தையா?" என்று கோபித்துக்கொண்டார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.