துவைக்காத தொப்பி

அறுநூற்று இருபது கிராம். சனிக்கிழமை சாயங்காலம் சமையலறைத் தராசில் அந்தக் குட்டி காட்டிய எடை அது. பிறந்து ஏழு வாரம். உடம்பெல்லாம் சாம்பல் நிறம். வால் நுனி மட்டும் பெயின்டில் தோய்த்தெடுத்ததுபோல் வெள்ளை. தராசுத் தட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் கணக்கைத் தானே சரிபார்ப்பதுபோல் எண்ணைக் குனிந்து பார்த்தது.

"வந்ததும் வராததுமா மேனேஜர் மாதிரி பார்க்குது பாரு," என்றார் கணவர். பெயர் வைக்கும் வேலை அதோடு முடிந்தது. மேனேஜர்.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. ஒரு பெரிய சலவைக் கூடத்தில் இருபத்தொன்பது வருட வேலை. முதலில் துணி மடிக்கும் மேசை, பிறகு கறை எடுக்கும் மேசை. அங்கே எல்லோருக்கும் அவள் கறையக்கா. காபிக் கறைக்கு ஒரு மருந்து, பேனா மைக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று என்று அவள் முன்னால் பதினாலு புட்டிகள் நிற்கும். அவற்றின் நெடியில் அவளுடைய மூக்கு எட்டு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டது. அவள் இன்னும் விடவில்லை. வீட்டில் பால் கெட்டுவிட்டதா என்று கணவர்தான் முகர்ந்து சொல்ல வேண்டும்.

அவள் தலைக்கு மேலே, கூரையில் ஓடும் கம்பியில், துவைத்த உடைகள் நாள் முழுதும் நகர்ந்துகொண்டிருக்கும். நீராவிக்குள் ஒரு கறுப்புக் கோட்டு போகும். பின்னால் ஒரு மஞ்சள் கவுன், அதன் பின்னால் பள்ளிச் சீருடைகள் வரிசையாக. தலையும் காலும் இல்லாத ஓர் ஊரே எங்கோ மெல்லப் புறப்பட்டுப் போவதுபோல் இருக்கும். அவற்றைப் போட்டுக்கொள்பவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. எதில் என்ன சிந்தியது என்பது மட்டும் தெரியும்.

பூனை வளர்க்கும் ஆசை பத்து வயதில் வந்தது. வாடகை வீடுகள் மாறி மாறி, அது தள்ளிக்கொண்டே போயிற்று. இஸ்திரி மெஷினில் நிற்பவர் தன் வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது என்று சொன்னதும், கூடத்தில் முதலில் கை தூக்கியது அவள்தான். அவளைவிட எட்டு வயது சின்னவர் அவர்; வாய் ஓயாத மனிதர்.

"அக்கா, குளிப்பாட்டிடாதீங்க. ஊறப்போட்டீங்கன்னா சுருங்கிடும்."

"போப்பா. எனக்குத் தெரியாதா?"

அட்டைப் பெட்டியைக் கையில் கொடுக்கும்போது, குட்டிக்குக் கீழே கிடந்த, பழைய ஸ்வெட்டரிலிருந்து வெட்டிய கை ஒன்றைக் காட்டினார். "இதையும் கூடவே போட்டு வைங்க. அழாது."

வீட்டுக்கு வந்து எல்லாம் முறையாகச் செய்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, கண்ணோரத்துப் பீளையை உள்ளிருந்து வெளியே ஒற்றி எடுத்தாள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. சட்டைக் காலர் தேய்ப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த புது மென்பிரஷால், தாய்ப் பூனை நக்குவதுபோல் நெற்றியிலிருந்து பின்பக்கமாகச் சின்னச் சின்னதாய் வாரிவிட்டாள். குட்டி வெளிக்குப் போக மண் நிரப்பிய தட்டை மூலையில் வைத்தாள். சாப்பாட்டுக் கிண்ணத்தை அந்தத் தட்டிலிருந்து தள்ளி வைத்தாள்.

அப்புறம் அந்த ஸ்வெட்டர் கை. பழுப்பேறி, ரோமம் அப்பி, ஓரத்தில் ஏதோ காய்ந்து கிடந்தது. இதை வைத்துக்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது? அவள் வீட்டில் திரைச்சீலை வாரம் ஒருமுறை தண்ணீர் பார்க்கும். பஸ் ஓட்டிவிட்டு வரும் கணவரின் சீருடை, கழற்றிய சூடு ஆறுவதற்குள் வாளிக்குள் இருக்கும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, குட்டியின் படுக்கையில் நாலாக மடித்து வைத்தாள்.

குட்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூக்கை வைத்தது, எடுத்தது. பிறகு நாற்காலிக்கு அடியில் போய்க் கத்தத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நாலு நக்கு நக்கிவிட்டுக் கிண்ணத்தை விட்டு விலகியது. தராசு அறுநூற்றுப் பத்து காட்டியது. திங்கட்கிழமை அறுநூறு. துண்டில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார் மருத்துவர், வயிற்றை அமுக்கிப் பார்த்தபடியே. "புது இடம், மிரண்டு போயிருக்கு. ஆனா ஐந்நூத்தி எண்பதுக்குக் கீழே போச்சுன்னா உடனே கொண்டாந்துடுங்க. இங்கேயே வெச்சு ஊட்டணும். இந்த வயசுல பட்டினி தாங்காது, நிலைக்குமான்னே சொல்ல முடியாது."

அன்றிலிருந்து கறை மேசையில் அவள் கண்ணுக்கு எண்களே தெரிந்தன. புதன்கிழமை காலை ஐந்நூற்று எண்பத்து மூன்று. மத்தியானத்தோடு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீடு அரைத் தூக்கத்தில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் பாய் விரித்ததுபோல் கிடந்தது. காலை ஷிஃப்ட் முடித்த கணவர் நாற்காலியில் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். கத்தல் சத்தம் இல்லை. படுக்கை காலி. நாற்காலிக்கு அடியிலும் காலி.

அலமாரி இடுக்கு, துவைக்கும் மெஷினின் பின்புறம், திரைச்சீலைக்குப் பின்னால் என்று பார்த்துக்கொண்டே வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். கணவரின் டூல் பெட்டி அங்கே மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பழைய தொப்பி. தொப்பிக்குள் மேனேஜர், வால் மூக்கில் படச் சுருண்டு, மெல்லிய மோட்டார்போல் உறுமிக்கொண்டு உறங்கியது.

"என்னங்க... கொஞ்சம் எழுந்திருங்க. இந்தத் தொப்பி போன வருஷம் பஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் வந்து குனிந்து பார்த்தார். திருடன் பிடிபட்ட முகம். "தொலையல. உன்கிட்ட இருந்து தப்பிச்சுது."

"பதினோரு வருஷத் தொப்பி! ஒரு தடவைகூடத் துவைக்கலையா?"

"இதுக்கு முன்னாடி இருந்ததை நீ துவைச்சே. திரும்பி வந்தப்போ அது வேற யாரோட தொப்பியோ மாதிரி இருந்துச்சு. அதான் இதை டெப்போவிலேயே வெச்சிருந்தேன். போன வருஷம் நீ கேட்டதும் இங்கே ஒளிச்சு வெச்சேன்."

கோபப்பட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "இதுல என்ன வாசம் வருது?"

அவர் குட்டியை எழுப்பாமல் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். "வேர்வை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், கொஞ்சம் டீசல். நல்ல வாசம்னு சொல்ல முடியாது. ஆனா யாரோ இருக்கற மாதிரி இருக்கு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரிக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"தம்பி, அந்த ஸ்வெட்டர் கையில என்ன வாசம் இருந்துச்சு?"

"தாய்ப் பூனை படுத்திருந்தது அக்கா. அந்த வாசம்தான். அதுக்குத்தானே குடுத்தேன்." பிறகு அவரே பிடித்துக்கொண்டார். "ஐயோ, துவைச்சுட்டீங்களா?"

"இஸ்திரியும் போட்டுட்டேன்பா."

மறுமுனையில் நீராவி சீறியது. அதற்கு மேலே அவருடைய சிரிப்பு கேட்டது. "தப்பு என்மேலதான். கறையக்கா கையில அழுக்கைக் குடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம விட்டேனே! இன்னொரு கை இன்னும் தாய்க்கு அடியிலதான் கிடக்கு. வேலை முடிஞ்சதும் எடுத்துட்டு வர்றேன்."

ஃபோனை வைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் தலையைச் சாய்த்தபடி கண்ணயர்ந்தாள். கனவில், கூடத்துக் கூரைக் கம்பியில் உடைகள் நகர்ந்து போயின. கறுப்புக் கோட்டு, மஞ்சள் கவுன். இந்த முறை ஒவ்வொன்றும் கடக்கும்போது யாரோ தோளை உரசிக்கொண்டு போவதுபோல் இருந்தது. மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. ஆனாலும் எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

விழித்தபோது விரலில் எதுவோ சொரசொரத்தது. மேனேஜர் தொப்பியிலிருந்து தலையை நீட்டி, அவள் சுட்டுவிரலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. கிண்ணத்தைப் பெட்டியின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தாள். குட்டி வெளியே இறங்கியது. நக்கியது. மறுபடியும் நக்கியது. கிண்ணம் தரையில் நகர்ந்து நகர்ந்து சுவரில் இடித்து நின்றது.

இருட்டும் முன் இஸ்திரிக்காரர் ஒரு பையோடு வந்தார். இரண்டாவது கை பையிலிருந்து நேராகத் தொப்பிக்குள் போயிற்று. தண்ணீர்க் குழாயின் பக்கம் அது போகாமல் கணவர் வழியை மறித்து நின்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. திங்கட்கிழமை அறுநூற்று நாற்பது. வருகிற வியாழக்கிழமை மேனேஜருக்கு முதல் தடுப்பூசி. தொப்பியும் கூடப் போகிறது.