துண்டில் எழுதிய சூடை மீன்

சூறாவளியில் தென்னையெல்லாம் விழுந்த மறுவருடம், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டருக்குப் பதிலாக நோயாளிகளைப் பார்த்த அப்போதிக்கரி மெலிந்தவர். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலை நூலால் கட்டியிருந்தார். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். கையைத் திருப்பி நகத்தைத்தான் பார்ப்பார்.

அவளுடைய நகம் வெளுத்திருந்தது. பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார். மருந்து கொடுக்கும் யன்னலில் அதை வாங்கிப் பார்த்தவர் சிரித்தார்.

"இது இஞ்ச இல்ல. கடற்கரையில கேளுங்க."

சூடை மீன் நாலு, அவித்த பயறு ஒரு கோப்பை, தினமும் என்று எழுதியிருந்தது. கோபத்தோடு அப்போதிக்கரியிடம் திரும்பிப் போனேன்.

"இத வாயால சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொன்னா வாங்குவீங்க. ஆரு தின்னுற?"

எங்கள் வீட்டில் மீன் முதலில் வாப்பாவுக்கு, பிறகு எனக்கு. அவளுக்குச் சட்டியில் மிஞ்சிய ஆணம், வெறும் குழம்புதான்.

"துண்டுல எழுதினா அது மருந்து, தம்பி. மருந்துல மத்த ஆக்கள் கைவைக்க மாட்டாங்க."

அன்று பகல் சாப்பாட்டு நேரம் வாப்பாவிடம் துண்டைக் காட்டினேன். வாசித்துவிட்டு, மீன் சட்டியை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வராதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று வெகுகாலம் யோசித்தேன். துண்டை வாங்க நான் கை நீட்டியபோது சிவந்திருந்த என் நகத்தையும் பார்த்திருப்பார்.