பஸ் விளையாட்டு நடத்திய விமலா டீச்சர்

விமலா டீச்சர் இறந்த செய்தியை அஞ்சலைதான் கொண்டுவந்தாள். மில் கேட்டுக்கு வெளியே என்னை நிறுத்தி, "நம்ம டீச்சரு பூட்டாங்கடி. மஞ்சக்காமாலையாம்" என்றாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. என்னோடு அந்த வகுப்பில் உட்கார்ந்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். தெரிந்தும் நாம் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

காலை ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு உப்பளம் பகுதியில் எழுத்து வகுப்பு என்றதும் சிரித்தோம். எட்டு மணி நேரம் நின்ற கால், உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். முதல் வாரம் பலகையில் அ, ஆ எழுதியபோது பாதிப் பேர் சுவரில் சாய்ந்து தூங்கினோம். டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோபப்படவில்லை. மறுநாள் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, படிக்கத் தெரியாமல் எங்கெங்கே மாட்டிக்கொண்டோம் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்.

அஞ்சலைக்கு அப்போது 'க' ஒன்றுதான் தெரியும். கருவடிக்குப்பத்துத் தங்கச்சி வீட்டுக்குப் போக, போர்டில் 'க' இருக்கிறதே என்று கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். எதிர்த் திசையில் அரியாங்குப்பம் பாலம் தாண்டிய பிறகுதான் விஷயம் தெரிந்ததாம்.

அதைக் கேட்டுத்தான் டீச்சர் பஸ் விளையாட்டைக் கொண்டுவந்தார். தரையில் சாக்பீஸால் ஒரு நிறுத்தம் வரைந்து, கழுத்தில் ஊர்ப்பெயர் அட்டையோடு அவரே பஸ்ஸாக வருவார். தப்பாக ஏறினவளைக் கண்டக்டராக நிற்பவள் திட்டி இறக்கிவிட வேண்டும். நமக்குத் திட்டச் சொல்லியா தர வேண்டும்? சில நாள் முதல் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வருவார். "தலைய மட்டும் பாத்து ஏறாதீங்கக்கா. வால் வரைக்கும் படிங்க" என்பார். பிறகு ரேஷன் கடை, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று ஆட்டம் மாறியது. தூக்கம் போன இடம் தெரியவில்லை. மழையிலும் வந்தோம். மில் நோட்டீஸை நானே நின்று படித்தேன்.

அப்படி ஆடிக்கொண்டிருந்த ஒரு நாள், வகுப்பை நடத்தும் ஆபீஸிலிருந்து அதிகாரி பார்வையிட வந்தார். "டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்க முசே" என்று நம் ஊர்ப் பிரெஞ்சில் அவரை சார் போட்டுக் கூப்பிட்டாள் அஞ்சலை. எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற என்னிடம், இங்கே என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்: "படிக்கிறதுன்னு ஒண்ணும் இல்லீங்க. தெனமும் விளையாடறோம்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். டீச்சர் முகம் வெளுத்தது எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த மாதமே அவரை நிறுத்திவிட்டார்கள். பாடம் நடக்கவில்லை, வீண் ஆட்டம் என்று காரணம் சொன்னார்கள். வேறொருவர் வந்து அ, ஆ எழுதினார். நாமும் பழையபடி தூங்கினோம். பிறகு வகுப்பே நின்றது. ஷிப்ட் போய்விடும் என்று சொல்லி, ஆபீஸுக்குப் போய் அவருக்காகப் பேச நம்மில் ஒருத்திகூடக் கிளம்பவில்லை.

சாவு வீட்டுக்கு அந்த ஆபீஸிலிருந்து மாலை வந்தது. விளையாட்டாகவே எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவர் என்று கொண்டுவந்தவர் புகழ்ந்தார். இப்போது புது வாத்தியார்களுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுக்கிறார்களாம். அன்று வீண் ஆட்டம் என்றவர்களும் இவர்கள்தான். ஆனால் அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை.

வேலை போனபின் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் டீச்சர் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு முறை அங்கே போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அழுதேன். அவர் பசைக் கையைத் துடைக்காமல் சொன்னார்: "பாடம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். அந்த எழுத்து நம் எல்லோரிடமும் இருக்கிறது. பட்டறையில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னுடையது. அதை நான் யாருக்கும் பங்கு போட மாட்டேன்.