அறிவிப்பாளரின் சிடி

பஸ் நிலையத்தில் அவருக்கு 'முள்ளு' என்று பட்டப்பெயர். முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பர். வாசல் கூண்டில் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதியே பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்காது. கேஸ் சிலிண்டர், மருந்துச் சீட்டு, கடிதம், எது வந்தாலும் வந்த நேரத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிவிட்டுத்தான் உள்ளே விடுவார். "நல்லவேளை, நான் பொறந்தப்போ என் நெத்தியில எழுதாம விட்டீங்க" என்பாள் மகள்.

மனைவி அதே பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். அவர் எழுதியதை அவள் மைக்கில் சொல்வாள். கூட்டம் மூட்டை முடிச்சோடு அந்தத் திசைக்கு ஓடும். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுகிறாள்.

ஒரு திங்கட்கிழமை காலை எழுதினாள்: 'என் குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. அந்த சிடியைப் போடுங்க.'

அவளுடைய பிரிவுபசாரத்தை வீடியோ எடுத்து, கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தனுப்பிய சிடி. கடைசியில் அவள் நாலு நிமிஷம் பேசியிருந்தாள். அதைத் தவிர அவள் பேசிய பதிவு எதுவும் இல்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவளைத் திரையில் வேறு கேட்பானேன் என்று அப்போது யாரும் அதைத் தொடவில்லை.

மகள் கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருந்தது. சிடியைப் போட்டார். கோடெக் இல்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. மகளுக்குப் போன் போட்டார்.

"இலவசம்னு சொன்னியே, படம் காட்ட மாட்டேங்குதே?"

"இலவசம்தாம்ப்பா. வீடியோவைப் பிரிச்சுக் காட்டுற கோடெக்கை மட்டும் உரிமப் பிரச்சினையால சேர்த்துத் தர்றதில்ல. நாமதான் போட்டுக்கணும். கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறங்க. கறுப்பா வருதா?"

"வருது, என் பொழப்பு மாதிரி."

"ஜோக் அப்புறம். சொல்றதை எழுத்து எழுத்தா அடிங்க... சரி, இப்ப பாஸ்வேர்டு."

"அடிக்கிறேன், ஒண்ணும் விழலையே?"

"விழாதுப்பா, அது அப்படித்தான். நம்பி அடிச்சுட்டு என்டரைத் தட்டுங்க."

மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது. வரிகள் ஓடி நின்றன. படம் வந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் மேலாளர் பேசினார், யாரோ பூங்கொத்து கொடுத்தார்கள். அப்புறம் அவள் மைக் முன்னால் வந்து தொண்டையைச் செருமினாள். அவ்வளவுதான். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. டிரைவ் கரகரவென்று முனகியது. அடுத்து வந்தது கைதட்டல்.

வேறொரு சிடி போட்டார், நன்றாக ஓடியது. இதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பை ஒட்டி வளைவாக, அவர் கையெழுத்து: 'வருகை 4.35'. பேனா அழுத்திய இடமெல்லாம் வெளிச்சம் ஊசி ஊசியாக ஒழுகியது.

"மேல் பக்கந்தாம்ப்பா மெலிசு" என்றாள் மகள் போனில். "பதிவே அதுக்கு அடியிலதான் ஒட்டியிருக்கு. வேற காப்பி?"

"வீடியோக்காரரு கடையையே மூடிட்டாரும்மா."

திரும்பி வந்து மனைவியிடம் சிடியை நீட்டினார். "நான்தான் கெடுத்தேன். எழுதிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. பலகையை மடியில் வைத்து நிதானமாக எழுதினாள்: 'பரவாயில்ல. கடைசி வரிசையில நின்னு கேட்டீங்கதானே. என்ன பேசினேன்னு நீங்க சொல்லுங்க, அது போதும்.'

கடைசி வரிசையில் நின்றதாகத்தான் அன்று அவளிடம் சொல்லியிருந்தார். உண்மையில் ஒரு பஸ் இருபது நிமிஷம் தாமதம். கூண்டை விட்டு அவர் நகரவே இல்லை. இரண்டு வாக்கியம் கற்பனையாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"நான் அன்னிக்கு அங்க இல்ல" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்து சிடியை வாங்கித் தானே உள்ளே தள்ளினாள். மவுஸைப் பிடித்துப் படத்தைப் பின்னால் இழுத்தாள். அந்தச் செருமல் கேட்டது. மறுபடி இழுத்தாள். மறுபடி கேட்டது.

மதியம் சாப்பாட்டுக்கு அவர் மூன்று தடவை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.